தொடக்கத்துக்கு எத்தனை சொற்கள்!

"ஸ்டார்ட், பிகின், கமென்ஸ் எல்லாம் ஒண்ணுதானேப்பா?" என்று மகள் கேட்டாள்.

பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், பிறப்பு வேறு.

பிகின், பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். கமென்ஸ், 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்தது; இன்றும் அதில் நீதிமன்ற மிடுக்கு. நம் 'தொடங்கு' தமிழாகவும் 'ஆரம்பி' வடமொழி வழி வந்ததாகவும் இருப்பது போல.

ஸ்டார்ட் என்றால் முதலில் துள்ளிக் குதிப்பது. வண்டியை ஸ்டார்ட் செய்யலாம், பிகின் செய்ய முடியாது.

இனாகுரேட்? பண்டைய ரோமில் பறவைகளைப் பார்த்து நிமித்தம் சொன்னவர்களின் பெயரிலிருந்து பிறந்தது. அவள் கண்கள் விரிந்தன.

பிள்ளைகளுக்குச் சொல்லின் பொருளோடு அது வந்த வழியையும் சொல்லுங்கள். மனதில் நிற்கும்.