டெகானோவின் ஊர்

ஸ்பெயினில் கால்பந்து எங்கே பிறந்தது என்று கேட்டால் பார்சிலோனா என்பார்கள், மாட்ரிட் என்பார்கள். உவெல்வாக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் உடனே திருத்துவார். இந்த ஊரில் இத்தனை வருடம் குடியிருந்ததில் எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

தெற்கே, போர்ச்சுகல் எல்லைக்கு அருகே உள்ள துறைமுகம் உவெல்வா. தின்தோ, ஓதியெல் என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் சேற்று நிலம். தின்தோவின் தண்ணீர் செங்காவி நிறம். 1833-ல் மாகாணத் தலைநகர் ஆயிற்று. அரசாங்கக் கதை அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்குப் பட்டப்பெயர் 'சோக்கேரோ'. கணவாய்க்கு இங்கே 'சோக்கோ' என்று பெயர். பச்சை அவரைக்கொட்டையோடு கணவாயைச் சேர்த்து வேகவைக்கும் குழம்பைச் சாப்பிட்டவர்கள் அந்தப் பெயரில் கேலி எதுவும் காணமாட்டார்கள்.

1873-ல் ரியோ தின்தோ சுரங்கங்களை ஸ்பெயின் அரசு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றது. கம்பெனி ரயில் பாதை போட்டது. 1876-ல் ஓதியெல் ஆற்றுக்குள் நீளும் இரும்புத் துறைமேடையைக் கட்டி முடித்தது. அதை நின்று பார்க்க வேண்டும். செம்புத் தாது ஏற்றிய வண்டிகள் மேல்தட்டிலிருந்து தம் எடையிலேயே சரிந்து கப்பல் பக்கம் வரும். கொட்டிய பிறகு காலி வண்டிகளும் அடுத்த சரிவில் தாமாகவே கரைக்குத் திரும்பும். நூறு ஆண்டு அப்படி ஓடி, 1975-ல் நின்றது. இப்போது மாலையானால் அதன்மேல் தூண்டிலோடு பெரியவர்கள், கைகோத்த ஜோடிகள், சூரியன் விழுவதைப் படம் எடுக்கும் கூட்டம்.

சுரங்கத்தில் தாதுவைத் திறந்தவெளியில் குவித்துச் சுட்டார்கள். கந்தகப் புகை பயிரையும் மனிதரையும் கருக்கியது. 1888 பிப்ரவரி 4 அன்று, புகையை எதிர்த்து ரியோ தின்தோவில் கூடிய தொழிலாளர்களையும் விவசாயிகளையும் ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13 பேர். அந்தக் கணக்கை இங்கே யாரும் நம்புவதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில், அதே கம்பெனியின் மருத்துவர் அலெக்சாண்டர் மக்காயும் நண்பர்களும் சேர்ந்து 'உவெல்வா ரெக்ரியேஷன் கிளப்' தொடங்கினார்கள். சுட்டுக் கொன்றதையும் பந்து கொடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேச இந்த ஊருக்கு இன்னும் கூச்சம்தான்.

1890 மார்ச் 8-ல் செவில்லாவுக்குப் போய் ஆடி, 2-0 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன, ஸ்பெயினின் மூத்த கால்பந்து கிளப் என்ற பெயர் நின்றுவிட்டது. 'எல் டெகானோ', எல்லாருக்கும் மூத்தவர். கிளப்பின் பெயரும் ஸ்பானியமாகி ரெக்ரியாட்டிவோ ஆனது. வாயில் வருவது 'ரெக்ரே'.

மூத்தவருக்குக் கோப்பைகள்தான் வாய்க்கவில்லை. முதல் டிவிஷனை எட்டிப் பார்த்ததே 1978-ல். 2003-ல் கோப்பா தெல் ரேய் இறுதிக்குப் போய் மயோர்காவிடம் 3-0 என்று தோற்றது. 2006-07 சீசனை மட்டும் ஊர் இன்னும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறது. மார்செலினோ பயிற்சியாளர், நடுக்களத்தில் இளைஞன் காசோர்லா, எட்டாவது இடம். டிசம்பர் 20 அன்று மாட்ரிட்டில், ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பேருந்தில் புறப்பட்ட ரசிகர்களில் நான்கு பேர் வழியில் விபத்தில் இறந்துபோனார்கள். ஊரே கொண்டாட வேண்டிய இரவில் கொண்டாட ஆளில்லை.

பிறகு சரிவுதான். கடன், சம்பளப் பாக்கி, முதலாளிகள் மேல் வழக்கு. 2016-ல் நகராட்சியே பங்குகளைக் கையகப்படுத்திக் கிளப்பைக் காப்பாற்றியது. காப்பாற்றிய ஐந்தே ஆண்டில், 2021-ல், ஐந்தாம் நிலைக்கு விழுந்தார்கள். இரண்டு படி ஏறினார்கள். 2025-ல் மறுபடி ஒரு படி சறுக்கல். இருபதாயிரத்துக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைக் காலடியில் துப்பியபடி, நான்காம் நிலை ஆட்டம் பார்க்கிறோம்.

கிளப்பை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சம், ஊரின் வீடுகளிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில், தின்தோவின் சதுப்பில் சுமார் 1,200 ஹெக்டேருக்குக் குவிந்து கிடக்கிறது. கொட்டுவது 2010-லேயே நின்றது. அள்ளுவதா மூடுவதா என்ற பஞ்சாயத்துதான் நிற்கவில்லை. செவில்லாவுக்கு 1992-லேயே அதிவேக ரயில் வந்தாயிற்று. அங்கிருந்து இங்கே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த ரயில் எங்களூருக்கு வந்து, ஓட்டு எண்ணியதும் திரும்பிப் போய்விடுகிறது. ரெக்ரே வெளியூரில் ஆடினால் ரசிகர்கள் இன்றைக்கும் விடியற்காலையில் எழுந்து பேருந்துதான் ஏறுகிறார்கள்.