நேரத்துக்குச் சாப்பாடு

கொடைக்கானலில் தின்பண்டம் கண்ணில் படாமல் வாழ முடியாது. ஏழு ரோடு சந்திப்பில் சாக்லேட் கடைகள், ஏரியைச் சுற்றி நடந்தால் சுட்ட சோளமும் மிளகாய் பஜ்ஜியும். மலையிறங்கினால் பழனி, அங்கே பஞ்சாமிர்தம். கட்டுக்கடங்காமல் தின்கிறவருக்கு இந்த ஊர் ஆகாது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை, கட்டுக்கடங்காமல் தின்னும் நோயை வளர்த்தது பட்டினிதான்.

சஷ்டி, கிருத்திகை விரதங்கள் போக, எடை குறைக்கவென்று காலைப் பட்டினி வேறு. ராத்திரி எல்லாரும் தூங்கியபின் அடுப்படியில் நின்றபடியே அரைக் கிலோ பஞ்சாமிர்த டப்பாவைத் திறப்பேன். முதல் இரண்டு வாய்க்குத்தான் ருசி தெரியும்: விருப்பாச்சி மலைவாழைப்பழத்தின் மணம், நெய், ஏலக்காய், பல்லில் அகப்படும் கற்கண்டு. அதற்குப் பிறகு நாக்குக்கு ஒன்றும் தெரியாது. கை மட்டும் போய்வந்துகொண்டிருக்கும். வயிறு வலிக்கும்போதுதான் நிற்கும். காலி டப்பாவைப் பழைய பேப்பர்க் கட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பேன். விடிந்ததும், இன்றைக்கு ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று முடிவெடுப்பேன். அந்த முடிவுதான் அடுத்த ராத்திரியை வரவழைத்தது.

இப்படிக் கட்டுக்கடங்காமல் தின்பதைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஏற்றுக்கொண்டது 2013-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1944-45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். சாப்பாட்டு நினைப்பே அவர்களை ஆட்டிப்படைத்தது. சிலர் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தடை நீங்கியபின் வயிறு முட்டத் தின்றும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்கள் விரும்பி முன்வந்தவர்கள். அவர்களுக்கு வைராக்கியம் போதாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

சிகிச்சையில் எனக்குக் கிடைத்த முதல் கட்டளை, நேரத்துக்குச் சாப்பிடு என்பது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை கொஞ்சமாக ஏதாவது. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறையில் இதுதான் அஸ்திவாரம். ராத்திரி எவ்வளவு தின்றிருந்தாலும் காலை இட்லியை விடக் கூடாது. உலகத்திலேயே கஷ்டமான காரியம் அந்த இட்லியைச் சாப்பிடுவதுதான் என்று அப்போது தோன்றியது. என்ன சாப்பிட்டேன், எப்போது, மனசு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். பஞ்சாமிர்தம் வீட்டைவிட்டுப் போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவோடு உட்கார்ந்து, கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடப் பழகினேன். கடைசி வாய்வரை ருசி தெரிந்தது.

வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 முதல் நடக்கும் அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

விரதம் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த நோய்க்காரருக்கு அது ஆகாது என்று மருத்துவர் சொன்னால், சாமி குத்தம் என்று வீட்டார் பயமுறுத்தக் கூடாது. பழனிக் கோயிலிலேயே நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. சஷ்டியன்று இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் பழனிக்குப் பஸ் ஏறுகிறேன். “பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாம இருந்த புள்ளயாச்சே” என்று அத்தைக்கு முதலில் மனசு கேட்கவில்லை. இப்போது வழியில் சாப்பிட அவரே தயிர்சாதம் கட்டித் தருகிறார்.