கரந்தோடும் நீர்

மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரில் மழையை விரும்பாதார் இலர். ஆயினும், பாடசாலை விடும் வேளையிற் பெய்யும் மழைக்கு அஞ்சாத ஆசிரியரும் இலர். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசித் திங்களின் ஒரு பிற்பகலில், வீதியில் வெள்ளம் முழங்காலளவு நின்றது. ஆறாந் தரத்துச் சிறுவன் ஒருவனைக் கையிற் பற்றிக்கொண்டு, வடிகாலின் மூடுகல் பெயர்ந்த குழி எங்கேயென்று குடை நுனியாற் துழாவியவாறே யாம் நடந்தோம். “சேர், ரோட்டு எங்கே?” என்றான் அவன். விடை கூற எம்மால் இயலவில்லை.

மறுநாள் தொழிலாளர் அவ்வடிகாலைத் திறந்தனர். சேறும் மணலும் பொலித்தீனும் வெளிவந்தன; அப்பியாசக் கொப்பித் தாள்களும் உடன் வந்தன. அவற்றுள் ஒன்றில் யாம் இட்ட சிவப்புக் கோடுகள் அழியாதிருந்தன. பிறரை நோவதற்கு எடுத்த சொல் எம் நாவிலேயே நின்றுவிட்டது.

கண்டி ஒரு கிண்ணம் போன்றது. 1807 ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் வயல்நிலத்தில் அமைத்த வாவியின் மிகைநீர், மெத எல என்னும் கால்வாய் வழியே நகரை ஊடறுத்துச் சென்று மகாவலியிற் கலக்கின்றது. வீதி வடிகால்களின் நீரும் அக்கால்வாயையே நாடுகின்றது. முன்னாளில் மலைச்சரிவின் மண் மழையைப் பருகி மெல்ல விடுத்தது. இன்றோ, கூரைகளும் கொங்கிறீற்றுத் தளங்களும் அதனை நொடியில் உருட்டிவிடுகின்றன. 2022 ஒக்டோபர்ப் பெருமழையிற் கண்டிப் புகையிரத நிலையமே வெள்ளத்துள் நின்றதை நகரத்தார் மறவார்.

நிலத்தடி வடிகால் நம்மவர்க்குப் புதிதன்று. மூடிய நீர்வழியைச் ‘சுருங்கை’ என்னும் சொல்லால் மணிமேகலை குறிக்கின்றது. நம் நாளிலும், உலக வங்கி 2014 இல் கடனுதவி வழங்க இசைந்த நகர அபிவிருத்தித் திட்டத்திற் கண்டியின் வடிகாற் சீரமைப்பு இடம்பெற்றது. ஆயினும், எத்துணை அகன்ற குழாயைப் புதைப்பினும், சேறு பாதியை நிரப்பினால் எஞ்சுவது பாதியே. திறந்த வாய்க்காலின் அழுக்கைக் கண் கண்டு நாணும். மூடிய வடிகாலின் அழுக்கையோ வெள்ளம் வந்த பின்னரே அறிகின்றோம்.

ஆதலின், பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவரை யாம் வேண்டுவது இது: வடிகாலை அமைக்கும்போதே, சேறு தங்கும் குழியையும் எளிதில் திறக்கும் மூடியையும் உடன் அமையுங்கள், மழைக்காலத்துக்கு முன் அவற்றைத் திறந்து தூர்வாருவதற்கும் வழி செய்யுங்கள். மலைச்சரிவில் மனை கட்டுவோரே, முற்றத்திற் சிறிதளவேனும் மண்ணை மூடாது விடுங்கள்.

எமக்கு யாம் விதித்துக்கொண்ட கடமையும் ஒன்றுண்டு. தவணை முடிவில் மாணவர் கழிக்கும் தாள்களை யாமே எண்ணிக் கட்டி வைக்கின்றோம். வகுப்பறையைக் கூட்டிய குப்பை வாயிலைத் தாண்டி எங்கே போகின்றது என்பதையும் சென்று பார்க்கின்றோம். அன்று எம் கையைப் பற்றி நடந்த சிறுவன் இன்று மேல்வகுப்பு மாணவன்; அக்கட்டுகளைச் சுமப்பவன் அவனே.