"ஐயா, உங்க குரல் தூரத்துல கேக்குது!"

பாளையங்கோட்டையில் இருக்கும் அந்தத் தமிழாசிரியர் ஓய்வுபெற்று 13 வருடங்கள் ஆகின்றன. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து, பதிவுசெய்து அனுப்புவதுதான் இப்போது அவருடைய வேலை. காலை 5 மணிக்கு எழுந்து, தெருவில் பால்காரர் மணி அடிப்பதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிடுவார். இதற்காகவே பேரன் ஒரு யு.எஸ்.பி. மைக் வாங்கிக் கொடுத்திருந்தான்.

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் ஓர் இளைஞருக்கு அன்றைய பாடத்தை அனுப்பிய சிறிது நேரத்தில் போன் வந்தது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு நாளா உங்க குரல் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. வேற ஏதோ இரைச்சல்தான் முன்னால கேக்குது."

ஆசிரியருக்குச் சுருக்கென்றது. மைக்கில் விளக்கு எரிகிறது. பேசும்போது திரையில் அலைக்கோடும் ஏறி இறங்குகிறது. அப்படியென்றால் கோளாறு மைக்கில் இல்லை, தொண்டையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

இருந்தாலும் சென்னையிலிருக்கும் பேரனைக் கூப்பிட்டார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க தாத்தா" என்றான். செய்தார். மாற்றமில்லை. "அப்ப புது மைக் ஆர்டர் போட்டுர்றேன். நாலு நாள்ல வந்துரும்." தேர்வுக்கு இருந்ததோ 8 நாள்தான்.

சாயங்காலம் அவரே அந்த இளைஞரை அழைத்தார். "தம்பி, மிச்சப் பாடத்துக்கு வேற யாரையாவது பாத்துக்கோங்க. எனக்குக் குரல் போயிட்டுது."

எதிர்முனையில் சிரிப்பு. "உங்க குரலுக்கு ஒண்ணும் ஆகல ஐயா. நீங்க மைக்குல பேசல, லேப்டாப்புல பேசுறீங்க!"

இரைச்சல் லேப்டாப்புக்குள்ளே சுற்றும் சின்ன ஃபேனுடையது, கீபோர்டைத் தட்டும் சத்தம் குரலைவிடப் பெரிதாக இருக்கிறது, அதனால் காது வைத்திருப்பது லேப்டாப்பின் சொந்த மைக் என்று அவர் கேட்டே கண்டுபிடித்திருந்தார்.

"சந்தேகம்னா மைக்கை நகத்தால லேசா தட்டுங்க. அப்புறம் கேமராப் பக்கத்துல தட்டுங்க. எதுக்குக் கோடு துள்ளுது?"

மைக்கைத் தட்டியபோது கோடு அசையவே இல்லை. கேமரா பக்கம் தட்டியதும் உச்சிக்குப் போனது.

யு.எஸ்.பி. மைக் என்பது தனக்குள்ளேயே ஒரு சவுண்ட் கார்டு வைத்திருக்கும் தனிக் கருவி. அதன் இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனாலும், லேப்டாப் சத்தமில்லாமல் தன் சொந்த மைக்குக்கு மாறிவிடலாம். மின்சாரம் வருவதால் விளக்கு எரியும். ஏதோ ஒரு மைக் கேட்பதால் கோடும் ஆடும்.

அடுத்து, மவுஸைத் தொடாமலே இளைஞர் வழி சொன்னார். விண்டோஸ் பட்டனோடு ஆர். வரும் கட்டத்தில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல். பிறகு என்டர். 'ரெக்கார்டிங்' பக்கத்தில் யு.எஸ்.பி. மைக்கின் பெயர் இருந்தது. பச்சை டிக் மட்டும் வேறு பெயரின் மேல் இருந்தது. மைக்கைத் தேர்ந்தெடுத்து 'செட் டீஃபால்ட்' கொடுத்ததும் டிக் இடம் மாறியது. ரெக்கார்டிங் செயலியை மூடித் திறந்து, அதிலும் இதே மைக்கைத் தேர்வு செய்யச் சொன்னார்.

"பட்டியல்ல பேரே இல்லன்னா ஒயரையும் போர்ட்டையும் மாத்திப் பாக்கணும் ஐயா. பேரு இருந்தும் சத்தம் வரலன்னா, செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதியில மைக்குக்கு அனுமதி இருக்கான்னு பாக்கணும். அது சரி, மைக்கை எதுல சொருகியிருக்கீங்க?"

பேரன் விட்டுப்போன யு.எஸ்.பி. ஹப்பில். மவுஸ், பென் டிரைவ், மைக் மூன்றும் இரண்டு நாளாக அதில்தான். யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்றிலிருந்து வழக்கமாகக் கிடைப்பது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப் என்றால், அதையே எல்லாக் கருவிகளும் பங்கு போட வேண்டும். மைக்கை நேராக லேப்டாப்பில் சொருகச் சொன்னார் இளைஞர்.

"இதெல்லாம் எப்படித் தம்பி தெரியும்?"

"ஹெட்செட்டைக் கழட்டி மாட்டினா சில நேரம் சத்தம் வேற பக்கம் போயிரும் ஐயா. திரையில இருக்கிறத வாசிச்சுக் காட்டுற என்.வி.டி.ஏ. பேசாம நின்னுரும். உங்களுக்கு ஸ்கிரீன் அணைஞ்சா எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு. கத்துக்காம இருக்க முடியுமா?"

அந்த என்.வி.டி.ஏ. மென்பொருளை 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். இன்றும் அது இலவசமாகக் கிடைக்கிறது.

மறுநாள் காலை ஹப் மேஜை டிராயருக்குள் போனது. புது மைக் வேண்டாம் என்று பேரனுக்குத் தகவலும் போனது. கெட்டுப்போன இரண்டு பாடங்களையும் ஆசிரியர் முதலிலிருந்து வாசித்தார். ஆரம்பிப்பதற்கு முன் மைக்கில் ஒரு தட்டு, கேமரா பக்கம் ஒரு தட்டு.

அனுப்பிய சிறிது நேரத்தில் போன்.

"பக்கத்தைப் புரட்டுறதுகூடக் கேக்குது ஐயா. அடுத்த பாடம் எப்போ?"