நட்டமில்லாத கார்

வயதுக்கு வந்த பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வாங்கிக் கொடுப்பதென்றால், நம்மவரிடையே ஒரு நியாயம் வழங்கி வருகிறது. "பிள்ளை பழகிறதுக்குத்தானே? இடிச்சாலும் உரசினாலும் நட்டமில்லாத ஒரு பழங்காராய்ப் பாருங்கோ" என்பதே அது. எமது தமையனாரின் மகள் பதினெட்டு வயது நிறைந்து சாரதி அனுமதிப் பத்திரம் பெற்றபோது, உறவினர் பலரும் இதையே ஓதினர். நோயாளியான தகப்பனைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவும், தன் படிப்புக்குப் போய்வரவும் அவளுக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. அதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது.

அந்த நியாயத்தை நாம் சற்று உரைத்துப் பார்த்தோம். நட்டமில்லை என்பது எதற்கு? தகரத்துக்கு நட்டமில்லை, தகரத்துக்குள் இருக்கும் உயிருக்கு? அனுபவமில்லாத இளஞ்சாரதியே விபத்துக்கு அதிகம் இலக்காகிறார் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. மோதக்கூடிய சாத்தியம் மிக அதிகமாயுள்ளவருக்கு, மோதலைத் தாங்கும் வலு மிகக் குறைந்த வண்டியைத் தேடிக் கொடுக்கின்றோம். இதைவிடத் தலைகீழான கணக்கு வேறுண்டோ?

2014ஆம் ஆண்டு ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் பெருவாரியாக விற்பனையான ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. வளர்ந்தோரின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூச்சியம். அவற்றுள் ஒன்றான போலோ காரை இரண்டு காற்றுப்பைகளுடன் சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. வேறு சிலவற்றிலோ, காற்றுப்பை வைத்தும் பயனில்லை என்னும் அளவுக்கு உடற்கூடே நொறுங்கிப்போயிற்று. அவ்வகைச் சிறு கார்கள் நமது வீதிகளிலும் ஓடுகின்றன. விலை குறைந்த காரை வாங்குபவனின் நெஞ்செலும்பும் விலை குறைந்தது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள் என்றே எமக்குத் தோன்றியது.

ஆகவே பளபளப்பை விட்டு வேறு சிலவற்றைத் தேடினோம். முன்னே இரண்டு காற்றுப்பைகளாவது இருத்தல் வேண்டும். சடுதியாகப் பிறேக் அழுத்தும்போது சில்லுகள் இறுகிப்போகாமல் காக்கும் ஏபிஎஸ் வேண்டும். வண்டி வழுக்கித் திசைமாறும்போது அதை நேர்ப்படுத்தும் உறுதிக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் நன்று. அமெரிக்காவில் 2012 மாதிரிக் கார்களிலிருந்து அது கட்டாயமாயிற்று. உடல் மிகச் சிறிதாக இருத்தலாகாது. இயந்திரம் மிகப் பலமுள்ளதாகவும் இருத்தலாகாது. ரயரின் பக்கத்தில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்களையும் பார்த்தோம். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்துநான்காம் கிழமையிற் செய்யப்பட்டது என்று பொருள். பூ அழியாத ரயரும் வயதேறினால் வெடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் பல, வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகளிற் காலப்போக்கிற் பழுதடைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசி ஆட்களைக் கொன்றன. உலகெங்கும் கோடிக்கணக்கானவை திருப்பி அழைக்கப்பட்டன. 2017இல் அந்நிறுவனம் முறிந்தது. ஜப்பானிற் பாவித்த கார்கள் பெருகியுள்ள, வெப்பமான எமது நாட்டில், சேஸி இலக்கத்தைக் கொண்டு இதை விசாரிக்காமல் எவரும் பணங்கொடுத்தலாகாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்துவிடப்பட்டது. இடைக்காலத்திற் பழைய கார்களின் விலை மலைபோல் ஏறியிருந்தது. கையிலுள்ள தொகைக்கு உறவினர் சொன்ன தகரப் பெட்டி கிடைத்திருக்கும். நாம் எட்டு மாதம் பொறுத்தோம். அதுவரை அவள் பஸ்ஸிலே போனாள். தகப்பனார் கிளினிக்குக்கு ஓட்டோவிற் போனார். ஈற்றில், நிறம் மங்கிய, எவரும் திரும்பிப் பாராத, ஆனால் நாம் தேடியவை யாவும் பொருந்திய ஒரு காரை வாங்கினோம். "இந்தக் காசுக்கு இதையோ?" என்று சிலர் சிரித்தனர்.

கார் மாத்திரம் காவலாகாது. வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். நியூசிலாந்து 1987இலேயே புதிய சாரதிகளுக்குப் படிமுறை அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து, இரவோட்டத்தையும் தோழரை ஏற்றிச் செல்வதையும் தொடக்கத்திற் கட்டுப்படுத்திற்று. அதையே எமது வீட்டிலும் ஆறு மாதத்துக்கு விதியாக்கினோம். ஆசனப் பட்டி கட்டாமல் எவரும் ஏறலாகாது என்பதும் விதி.

அவள் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டாள்: "அப்ப, பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு போற சனத்துக்கு ஆர் பட்டி கட்டிவிடுறது, சித்தப்பா?"

எட்டு மாதம் தானும் அப்படிப் பயணஞ்செய்தவள் கேட்ட கேள்வி அது. மூன்று முனைகளிற் பிணையும் ஆசனப் பட்டியை நில்ஸ் போலின் என்னும் சுவீடன் பொறியியலாளர் 1959இல் வொல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தார். அதன் உரிமத்தை ஏனைய உற்பத்தியாளரும் பயன்படுத்தும்படி அந்நிறுவனம் திறந்துவிட்டது. அந்தப் பட்டியை முன்னாசனத்திற் கட்டுவது இலங்கையிற் சட்டமானதோ 2011இலேதான். அறிவு பொதுவாக்கப்பட்டும் அது எளியவனின் நெஞ்சை வந்தடைய அரை நூற்றாண்டு போதவில்லை.

ஒரு பிள்ளைக்கு நாம் தேடிக் கொடுத்தது, எட்டு மாதம் பொறுத்திருக்க வழியுள்ள ஒரு குடும்பத்தாற் கூடியது. பொறுக்கவும் வழியில்லாத குடும்பம், நால்வரை ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இன்றும் அதே வீதியிற் போகிறது. உயிர்காக்கும் கருவி வசதி படைத்தோர் மேலதிகமாக வாங்கும் அலங்காரப் பொருளாக இருக்கும்வரை, நமது வீதிகளிலே சாவும் வருமானத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்தெடுக்கும். நல்ல பஸ்ஸும், தரம் குறைந்த வண்டியை விற்கவிடாத சட்டமும் தரும் காவலை, தனிக் குடும்பமொன்று தன் பணப்பையால் வாங்கிவிட முடியாது. அவற்றைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாமெல்லோருமே.