அத்தாவின் கத்தி

"பொருளியல் மாணவனுக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர்கள் வியக்கலாம். திண்டுக்கல்லில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவரின் மகன் நான். விடுதியில் இதை ஓராண்டு காலம் மறைத்தே வந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் அத்தாவுக்குத் தோள்வலி. தோலுரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கடைத்தெருவில் பளபளப்பான கத்தியொன்றை ஆசையாய் வாங்கி வந்தேன். அலகு 8 அங்குலம், முனையோ ஊசி! முதல் ஆட்டிலேயே தோலில் இரண்டு ஓட்டைகள். ஓட்டை விழுந்த தோலைப் பதனிடும் ஆலையில் தரம் குறைத்தே எடுப்பார்கள். தோல் வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். எனக்கு முகமே இல்லை.

அத்தா கடிந்து கொள்ளவில்லை. தம் பழைய கத்தியை நீட்டினார். லாரிப் பட்டையிலிருந்து கொல்லர் அடித்துத் தந்தது அது. அலகு 5 அங்குலம்தான். வாய் பிறைபோல் வளைந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஆனால் சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறிவிடும். கைப்பிடி மரம்; கொழுப்புப் பட்டாலும் வழுக்காதிருக்கக் கயிறு சுற்றியிருந்தார்.

"கத்தி வழியைத் திறக்கத்தான், தம்பி. மிச்சத்தைக் கைமுட்டி பார்த்துக்கும்" என்றார்.

அவ்வாறே கால்களிலும் வயிற்றிலும் மட்டும் கீறி, தோலுக்கும் தசைக்கும் நடுவே முட்டியை நுழைத்துத் தள்ளினேன். சட்டை கழற்றுவதுபோல் தோல் முழுதாக வந்தது!

என் கல்லூரிக் கட்டணம் ஓட்டையில்லாத அத்தகைய தோல்களிலிருந்தும் வந்ததுதான். இப்போது யார் கேட்டாலும் அத்தாவின் தொழிலை உரக்கவே சொல்கிறேன்.