ஹூட் மடித்த கார்

பெரியையாவின் அந்த மொறிஸ் மைனர் உமக்கும் ஞாபகம் இருக்கும். ஊரில் ஓடிய மற்ற மைனர்களுக்கெல்லாம் தகரக் கூரை. இதற்கு மட்டும் துணி ஹூட். 1948இல் இங்கிலாந்தில் முதல் மைனர் வெளிவந்தபோதே இந்தத் திறந்த வகையும் கூடவே வந்ததாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த காரைக் கடைசி நேரத்தில் நடுவால் பிளந்து நாலு அங்குலம் அகலமாக்கினார்கள். பொனெற் நடுவே ஓடும் பட்டை அந்தத் தழும்புதான். அதில் விரல் ஓட்டி விளையாடின எங்களுக்கு இந்தக் கதையெல்லாம் அப்போது எங்கே தெரியும்!

ஹூட் மடிப்பதென்றால் வீடே வெளியில் வரும். முன்கண்ணாடிச் சட்டத்துக் கொளுக்கிகளைக் கழற்றவேணும். ஒரு பக்கம் பெரியையா, மறுபக்கம் நீரோ நானோ. மஞ்சளடித்த பின் யன்னல் மடிபட்டு வெடித்துவிடும் என்று பெரியம்மா பழஞ்சேலைத் துண்டோடு ஓடிவருவா. அதற்குள் படலையடியில் நாலு பேர் கூடிவிடுவினம். யாரை எங்கே இறக்குவது என்பதும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகென்ன, தெரு முழுக்க மூக்குக்குள் வரும். சுன்னாகப் பக்கம் புகையிலைக் குடில் மணம், ஆவணியென்றால் பனம்பழம், பண்ணையில் உப்புக்காற்று. சந்தியில் திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து, திரும்பும் பக்கத்தைக் காட்டும் செம்மஞ்சள் கை ஒன்று எழும்பும். எழும்பாவிட்டால் பின் சீற்றில் இருக்கிறவர் ஒரு தட்டுத் தட்டுவார்.

"எங்கை, பெரியாஸ்பத்திரிக்கோ?"

தெருவில் நடந்துபோகிறவர் கேட்பார். கார் நிற்கும். நாலு பேருக்கான காரில் ஏழாவது ஆளும் ஏறும்.

தொண்ணூறுகளில் போர், பெற்றோல் தடை. ஸ்ராட் பண்ணத் துளி பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். அந்தப் புகை மணம் தோய்த்தாலும் சட்டையை விட்டுப் போகாது. கிழிந்த ஹூட்டில் படங்குத் துண்டு வைத்துத் தைத்தோம். 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது, எண்ணெய் இல்லாமல் கார் கொட்டிலில் நின்றது.

இப்போது ரொறொன்ரோவில் மருமகன் பிஎம்டபிள்யூ இசட்4 வைத்திருக்கிறார். பொத்தானை அமுக்கினால் 10 செக்கனில் ஹூட் தானாக மடிகிறது. 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் மடிகிறது. சீற் சூடாகிறது. தலைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு. குறை சொல்ல ஏலாது, அருமையான கார். சிக்னலில் நிற்கிறோம். பக்கத்துக் கார்கள் எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருக்கிறது. ஸ்காபரோ பஸ் தரிப்பில் கறிவேப்பிலை எட்டிப்பார்க்கும் பையோடு ஒரு வயதான ஐயா நிற்கிறார்.

"தம்பி, அவரை ஏத்துவமே?"

"எங்கை மாமா ஏத்துறது? ரெண்டு சீற்தானே."